கேரள எல்லையில் கடைக் கட்டடம்: சொத்து வரியைப் புரிந்துகொண்டு ஒழுங்காக நடத்துவது எப்படி

பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் கடைக் கட்டடம் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் பொள்ளாச்சி, கோவைப் பழக்கத்தோடு பஞ்சாயத்து ஆபீசுக்கு வருகிறார்கள். அங்கே எப்படியோ அப்படித்தான் இங்கேயும் என்ற நினைப்பில் பணத்தைக் கட்டிவிட்டு, கடைக்கான வியாபார லைசென்ஸ் புதுப்பிக்கும்போதோ கட்டடத்தை விற்கும்போதோ முட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. மூணாறு, பீர்மேடு, குமுளி, பாறசாலைக்காரர்களுக்கும் பொருந்தும், சட்டம் ஒன்றுதான்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். வரித்தொகை பஞ்சாயத்தின் மதிப்பீட்டுப் பதிவேட்டில் இருந்து வருகிறது. அங்கே உங்கள் கட்டடத்தின் பரப்பு, உபயோகம், உரிமையாளர் பெயர் எப்படி ஏறியிருக்கிறதோ அதுதான் பில்லாக வெளியே வரும். அதனால் பதிவேட்டைப் பார்த்த பிறகுதான் பர்ஸைத் திறக்க வேண்டும்.

1. எந்த வரி, எந்த ஆபீஸ்

மூன்று வரிகள் இருக்கின்றன. புதிதாக வருபவர்கள் மூன்றையும் ஒன்றாக்கிக் குழம்புவது இங்கேதான்.

நில வரி ஆண்டுக்கு ஒருமுறை, வில்லேஜ் ஆபீசுக்குப் போகும். அதன் ரசீதில் தண்டப்பேர் எண் (உரிமையாளரின் நிலக் கணக்கு எண்), சர்வே எண், பரப்பு எல்லாம் இருக்கும்.

ஒருமுறைக் கட்டட வரி, 1975-ஆம் ஆண்டின் கேரளக் கட்டட வரிச் சட்டப்படி வருவாய்த் துறை வாங்குவது. கட்டி முடித்ததும் ஒரே ஒரு மதிப்பீடு. பிறகு பரப்பைக் கூட்டினால் மறுபடியும் வரும். வணிகக் கட்டடத்தில் 50 சதுர மீட்டர் வரை இது கிடையாது.

சொத்து வரிதான் நம் விஷயம். ஊரில் இதையும் ‘கட்டட வரி’ என்றுதான் சொல்கிறார்கள். இது ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ ஆண்டுதோறும் போவது. பஞ்சாயத்துப் பகுதிக்கு 1994-ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம், நகரத்துக்கு அதே ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டம்.

இதை ஏன் முதல் படியாக வைக்கிறேன் என்றால், “வரி கட்டிட்டேன் சார்” என்று நில வரி ரசீதை நீட்டுபவர்கள் அவ்வளவு பேர். பஞ்சாயத்துக் கணக்கில் பாக்கி அப்படியே நிற்கும். வட்டியும் ஓடிக்கொண்டிருக்கும்.

2. போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

பத்திரத்தின் நகல். இந்த ஆண்டு நில வரி ரசீது. கட்டட பர்மிட்டும் அதோடு வந்த பிளானும். ஆக்குபன்சி சான்றிதழ் (கட்டி முடித்த கட்டடத்தைப் பயன்படுத்தலாம் என்ற சான்று). கடைசியாகக் கட்டிய சொத்து வரி ரசீது, எவ்வளவு பழையதாக இருந்தாலும் சரி. வாடகைக்கு விட்டிருந்தால் ஒப்பந்தம். ஆதார், அதோடு இணைந்த மொபைல் எண்.

நில வரி ரசீது உங்கள் பெயரில் இல்லையென்றால் அங்கேயே நில்லுங்கள். முதலில் வில்லேஜில் போக்குவரவு, அதாவது நிலப் பதிவில் பெயர் மாற்றம், முடிய வேண்டும். அதற்கு முன் பஞ்சாயத்தில் உரிமையாளர் பெயர் மாற்றம் கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போக்குவரவு முடிந்தால் கட்டடமும் தானாக உங்கள் பெயருக்கு வந்துவிடும் என்று நினைப்பதும் தப்பு. இரண்டு ஆபீஸ், இரண்டு பதிவேடு, இரண்டு மனு.

வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய வரி பாக்கி கட்டடத்தோடுதான் வரும், விற்றவரோடு போகாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் பஞ்சாயத்தில் பாக்கி இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலி மனை வாங்கிக் கடை கட்டப் போகிறீர்கள் என்றால், வில்லேஜ் பதிவில் அது ‘நிலம்’ (இங்கே வயல் என்று அர்த்தம்) என்று இருக்கிறதா, ‘புரையிடம்’ (வயல் அல்லாத மேட்டு நிலம்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். சித்தூர் பக்கம் வயல் அதிகம். 2008-ஆம் ஆண்டின் நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், நிலம் என்று பதிவான இடத்தில் தரம் மாற்றும் உத்தரவு இல்லாமல் பெரிய கடைக்கு பர்மிட் எதிர்பார்க்க முடியாது. பர்மிட் இல்லாமல் கட்டினால் என்ன ஆகும் என்பது எட்டாவது படியில்.

3. பதிவேட்டில் உங்கள் கட்டடத்தைக் கண்டுபிடியுங்கள்

முன்பு சஞ்சயா என்ற மென்பொருளில் இருந்த கணக்குகள் இப்போது கே-ஸ்மார்ட் என்ற உள்ளாட்சி ஆன்லைன் தளத்துக்கு வந்துவிட்டன. நகராட்சி, மாநகராட்சிகளில் 2024 ஜனவரியில் தொடங்கியது, கிராமப் பஞ்சாயத்துகளுக்கு 2025 ஏப்ரலில் வந்தது. வார்டு எண்ணையும் கதவு எண்ணையும் கொடுத்துத் தேடலாம். கம்ப்யூட்டர் பழக்கம் இல்லையென்றால் அக்ஷயா சென்டரில் (அரசின் இ-சேவை மையம்) எடுத்துத் தருவார்கள். ஆனால் தாளை வாங்கிப் பையில் வைக்காமல் அங்கேயே நின்று படியுங்கள்.

பார்க்க வேண்டியது: பெயர், கட்டட எண், உபயோக வகை, பரப்பு, கட்டிய ஆண்டு, பாக்கி விவரம்.

கட்டட எண்ணில் இப்போது ஒரு தொல்லை. உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்பு வார்டுகளை மறுசீரமைத்ததில் பல இடங்களில் வார்டு எண் மாறிவிட்டது. வாடகை ஒப்பந்தத்திலும் கரண்ட் பில்லிலும் பழைய எண், வரி ரசீதில் புதிய எண் என்று நிற்கும். இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, எல்லா மனுவிலும் இரண்டையும் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக் கடைக்காரரின் வரியை நீங்கள் கட்டிவிடுவீர்கள்.

உபயோக வகையில் நடக்கும் தப்பு இரு பக்கமும் உண்டு. வீட்டின் முன் அறையைக் கடையாக்கியவர் வீட்டு வரியே கட்டிக்கொண்டிருப்பார். லைசென்ஸ் கேட்கும்போது மாட்டுவார். கடையை மூடி வீடாக்கிக் குடியிருப்பவர் கடை விகிதத்திலேயே கட்டிக்கொண்டிருப்பார். அவரிடம் யாரும் போய்ச் சொல்ல மாட்டார்கள். வீட்டைக் கடையாக்க உபயோக மாற்றத்துக்கு முறையாக மனு கொடுக்க வேண்டும். கட்டட விதிகளில் பார்க்கிங், ஓரம் விடும் இடம் எல்லாம் கடைக்கு வேறு கணக்கு. ஆகவே ஷட்டர் போடும் முன் கேளுங்கள், போட்ட பிறகு அல்ல.

4. டேப் பிடித்து அளந்து பாருங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது. பணம் கசிவதும் இங்கேதான். நிதானமாகச் செய்யுங்கள்.

வரி தரைப் பரப்பின் மேல், அதாவது சுவரின் வெளி விளிம்பில் இருந்து மறு வெளி விளிம்பு வரை. கடைக்காரர்கள் வாடகைக்கு விடும்போது உள் அளவைச் சொல்லிப் பழகியவர்கள். உள்ளே 12 மீட்டருக்கு 5.80 மீட்டர் என்றால் 69.60 சதுர மீட்டர். சுவர் 20 சென்டிமீட்டர் என்றால் வெளி அளவு 12.40-க்கு 6.20, அதாவது 76.88. “பஞ்சாயத்து ஏழு சதுர மீட்டர் கூட்டிப் போட்டுவிட்டது” என்று சண்டைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பஞ்சாயத்துச் சொல்வது சரியாக இருக்கும்.

பஞ்சாயத்து தப்பாகவும் இருக்கலாம். பழைய பிளான்கள் சதுர அடியில் இருக்கும். ஒரு சதுர மீட்டர் 10.76 சதுர அடி. அவசரத்தில் பத்தால் வகுத்து ஏற்றியிருந்தால், மேலே சொன்ன அதே கடை (சுமார் 827 சதுர அடி) 82.7 சதுர மீட்டராகிவிடும். ஆறு சதுர மீட்டருக்கு ஆண்டுதோறும் சும்மா வரி கட்டிக்கொண்டிருப்பீர்கள். பதிவேட்டில் உள்ள பரப்பைப் பத்தால் பெருக்கிப் பாருங்கள். பிளானில் உள்ள சதுர அடிக்கு அச்சாகப் பொருந்தினால் நடந்தது இதுதான்.

அப்புறம், எதையெல்லாம் சேர்ப்பது. மாடி இருந்தால் ஒவ்வொரு தளமும் தனித்தனியாக. பின்னால் இழுத்துக் கட்டிய கோடவுன். முன்னால் இரும்புக் குழாய் நட்டு ஷீட் போட்ட இடத்தில்தான் தகராறு வரும். மூன்று பக்கமும் அடைத்து அதில் மூட்டை அடுக்கி வியாபாரம் நடக்கிறது என்றால் அது கட்டடம்தான், ‘வெயிலுக்காகப் போட்டது’ என்ற பதில் எடுபடாது. மாடியில் செல்போன் டவர் நிற்கிறதென்றால் அது தனி மதிப்பீடு. வாடகைக்கு விட்டுவிட்டு மறந்துபோவார்கள்.

அளந்ததை ஒரு தாளில் கைப்படமாக வரையுங்கள். நீளம், அகலம், தளம், கூரை வகை, எந்த அறையில் யார் வாடகைக்கு. சிவில் படித்தவர் வரைந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஓவர்சியர் வந்து அளக்கும்போது பக்கத்தில் நின்று ஒவ்வோர் அளவாக ஒத்துப்பார்க்க இது போதும்.

5. கணக்கைப் போடுங்கள்

முறை சுலபம். பரப்பு, பெருக்கல் சதுர மீட்டருக்கான அடிப்படை விகிதம். அரசு ஒவ்வொரு வகைக் கட்டடத்துக்கும் குறைந்த, கூடிய எல்லையைச் சொல்கிறது; அதற்குள் தன் விகிதத்தை உள்ளாட்சி மன்றம் தீர்மானிக்கிறது. ஆகவே வேலந்தாவளத்தில் கடை வைத்திருக்கும் மாமா சொல்லும் விகிதம் உங்கள் பஞ்சாயத்துக்குப் பொருந்த வேண்டியதில்லை. உங்கள் பஞ்சாயத்தின் விகிதப் பட்டியலையே கேட்டு வாங்குங்கள். பரப்பைப் பொறுத்தும் கடைகளுக்கு வகுப்பு பிரித்திருப்பார்கள். பின்னால் ஒரு கோடவுன் இழுத்துக் கட்டியதால் அடுத்த வகுப்புக்குத் தாவினால், கோடவுனுக்கு மட்டும் அல்ல, முழுக் கடைக்கும் விகிதம் மாறலாம். கட்டும் முன் அந்த எல்லை எங்கே என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அடிப்படைத் தொகைக்குப் பிறகு கூட்டலும் கழித்தலும் வரும். இடம் எந்த மண்டலம், முன்னால் உள்ள சாலை எவ்வளவு அகலம், கூரை என்ன வகை, கட்டடத்தின் வயது என்று மதிப்பீட்டுத் தாளில் வரிசையாக இருக்கும். சாலை அகலத்தைக் கண்டிப்பாகச் சரிபாருங்கள். முன்பக்கம் சந்து, பின்பக்கம் மெயின் ரோடு என்று இருந்தால் எந்த வழியைக் கணக்கில் எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

கடைசியாக நூலக வரி, சொத்து வரியின் மேல் 5 சதவீதம். பஞ்சாயத்து சேவை வரியும் விதித்திருந்தால் அது தனி.

ஓர் உதாரணம். சதுர மீட்டருக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் ஊர் விகிதம் வேறாக இருக்கும்). 76.88 சதுர மீட்டருக்கு 3,844 ரூபாய். கூட்டல் கழித்தல் ஒன்றும் இல்லை என்றால் நூலக வரி 192 ரூபாய் 20 காசு. மொத்தம் ஆண்டுக்கு 4,036 ரூபாய் 20 காசு, அரையாண்டுக்கு 2,018 ரூபாய் 10 காசு.

இந்தத் தொகை அப்படியே நிற்காது. 2023 ஏப்ரல் முதல் தேதியில் இருந்து கேரளத்தில் சொத்து வரி ஆண்டுதோறும் 5 சதவீதம் ஏறுகிறது, ஏறிய தொகையின் மேல் மறுபடி ஏற்றம். 3,844 ரூபாய் ஐந்து ஏற்றங்களுக்குப் பிறகு சுமார் 4,906 ஆகிவிடும். “போன வருஷத்தைவிடக் கூட வந்திருக்கிறது, தப்பாகப் போட்டுவிட்டார்கள்” என்று வருபவர்களிடம் நான் முதலில் இந்த 5 சதவீதத்தைத்தான் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். அதற்கு மேலும் கூடியிருந்தால்தான் கிளற வேண்டிய விஷயம்.

6. தப்பு இருந்தால் என்ன வரிசை

முதலில் திருத்த மனு, பஞ்சாயத்து செக்ரட்டரி பெயருக்கு. ஒரு மனுவில் ஒரு தப்பு. பெயர், பரப்பு, உபயோகம் மூன்றையும் ஒரே மனுவில் அடைத்தால், எது தீர்ந்தது எது தீரவில்லை என்று உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. கைப்படம், பிளான் நகல், கடைசி ரசீது இணைத்து, மனு எண் உள்ள ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நகராதீர்கள்.

மனுவைத் தமிழில் கொடுக்கலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் இடம் இருக்கிறது. என் அபிப்பிராயம்: மனுவைத் தமிழில் எழுதுங்கள், அளவுகளை மட்டும் அட்டவணையாகத் தனியே கொடுங்கள். புதிதாக மாற்றலாகி வந்த கிளார்க்குக்குத் தமிழ் படிக்க வராவிட்டாலும் எண் புரியும்.

திருத்தம் நடக்காமல் வரி நிர்ணயித்து நோட்டீஸ் வந்துவிட்டால், கையில் கிடைத்த தேதியை நோட்டீஸ் மேலேயே எழுதுங்கள். அதில் இருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு. மெம்பரிடம் வாயால் சொன்னது மேல்முறையீடு ஆகாது. அதற்கும் மேலே போக, திருவனந்தபுரத்தில் உள்ளாட்சி நிறுவனங்களுக்கான தீர்ப்பாயம் இருக்கிறது.

மேல்முறையீடு போட்டதால் வரியை நிறுத்தி வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். கட்டாமல் வரும் முறையீட்டை எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு, ஆட்சேபத்துடன் கட்டுவதாக ஒரு கடிதமும் கொடுத்துக் கட்டிவிடுங்கள். குறைத்தால் அடுத்த அரையாண்டில் சரிசெய்து கேட்கலாம். கட்டாமல் இருந்து தோற்றால் வட்டியும் சேரும்.

7. எப்போது கட்டுவது

அரையாண்டுகள் இரண்டு: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை. அந்தந்த அரையாண்டு முடிவதற்குள் கட்டினால் வட்டி இல்லை.

தள்ளுபடி விஷயத்தில்தான் பொள்ளாச்சிக்காரர்கள் தவறவிடுகிறார்கள். தமிழ்நாட்டு நகராட்சிகளில் ஒவ்வோர் அரையாண்டுத் தொடக்கத்திலும் ஊக்கத்தொகை உண்டு. இங்கே முழு ஆண்டு வரியையும் ஏப்ரல் 30-க்குள் கட்டினால்தான் 5 சதவீதத் தள்ளுபடி. அக்டோபரில் சீக்கிரம் வந்தேன் என்று சொன்னால் ஒன்றும் கிடைக்காது.

தவறினால் மாதக் கணக்கில் அபராத வட்டி. மார்ச் கடைசியில் அரசு வட்டியைத் தள்ளுபடி செய்யும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. சில ஆண்டுகளில் செய்தும் இருக்கிறார்கள். அதை நம்பிக் கடைக் கட்டடத்தில் பாக்கி வைப்பது எனக்குப் பிடிக்காது, காரணம் வட்டி மட்டுமல்ல. வாடகைக்காரரின் லைசென்ஸ் புதுப்பிப்பும் மார்ச்சில்தான் வரும். வரி பாக்கி இருந்தால் அங்கே தொல்லை வரலாம்.

ஆன்லைனில் கட்டினால் ரசீதை உடனே டவுன்லோடு செய்து, அதில் கட்டட எண்ணும் அரையாண்டும் சரியா என்று பார்த்த பிறகு வெளியே வாருங்கள். பணம் போய் ரசீது வரவில்லை என்றால் அதே நிமிடம் மறுபடி கட்டாதீர்கள். ஓரிரு நாள் பொறுத்துப் பாக்கி விவரத்தைப் பாருங்கள்.

8. யூ.ஏ. எண் இருந்தால்

பர்மிட் இல்லாமல் கட்டியது, பர்மிட்டை மீறிக் கட்டியது, ஆக்குபன்சி வாங்காதது ஆகியவற்றுக்கு யூ.ஏ. (அன்ஆத்தரைஸ்டு, அதாவது அனுமதியற்ற கட்டடம்) என்று தொடங்கும் எண் கொடுத்து வரி போடுவார்கள். வழக்கமான வரியோடு அதைப்போல் இரண்டு மடங்கும் சேரும், ஆக மூன்று மடங்கு. மேலே சொன்ன 3,844 ரூபாய் 11,532 ஆகும்.

வரி வாங்கிக்கொள்வதால் கட்டடம் முறையாகிவிட்டதாக அர்த்தம் இல்லை. பேங்கில் கடன் கேட்கும்போது இது தெரியும். ஒழுங்குபடுத்த முடியுமா என்பது விதிப்படி ஓரம் விட்டிருக்கிறீர்களா, பார்க்கிங் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. முன்னால் இழுத்த ஷீட் ஒன்றுதான் மீறல் என்றால், அதைப் பிரித்துவிட்டு ஒழுங்குபடுத்தும் மனு கொடுப்பது பலருக்கு மலிவு. ஷீட்டின் விலையையும் ஆண்டுக்கு ஏழாயிரத்துச் சொச்சம் கூடுதல் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

9. வாடகை ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது

சட்டப்படி வரிக்குப் பொறுப்பு உரிமையாளர். “வரிகளை வாடகைக்காரர் கட்ட வேண்டும்” என்று ஒரே வரியில் எழுதி விடுவார்கள். எந்த வரி என்று பிரித்து எழுதுங்கள்: சொத்து வரி, தொழில் வரி, லைசென்ஸ் கட்டணம் என்று. ஆண்டுக்கு 5 சதவீத ஏற்றம் யார் தலையில் என்பதையும் சேருங்கள். வாடகை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஏறும், வரி ஆண்டுதோறும் ஏறும் என்றால் இடைவெளி உங்கள் கையைக் கடிக்கும். வாடகைக்காரர் ஷீட் இழுத்தாலோ தடுப்பு மாற்றினாலோ உங்கள் எழுத்து அனுமதி வேண்டும் என்பதும் இருக்கட்டும். அவர் காலி செய்து போன பிறகு யூ.ஏ. எண் உங்கள் பெயரில்தான் நிற்கும்.

வருமான வரிக்கு ஒரு குறிப்பு. வாடகையைச் சொத்து வருமானமாகக் காட்டுபவர்கள் சொத்து வரியைக் கழித்துக்கொள்ளலாம். அதன் பிறகு 30 சதவீதம் நிலையான கழிவும் உண்டு. ஆனால் அந்த ஆண்டில் உரிமையாளரே கட்டியிருக்க வேண்டும். வாடகைக்காரர் நேராகப் பஞ்சாயத்தில் கட்டினால் உங்களுக்குக் கழிவு கிடையாது. ஆகவே வாடகையோடு சேர்த்து வாங்கி நீங்களே கட்டுவது நல்லது. மூன்று ஆண்டு வரிப் பாக்கியை இந்த ஆண்டு கட்டினால், கழிவும் இந்த ஆண்டில்தான்.

கடை வாடகைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 2024 அக்டோபர் 10 முதல், உரிமையாளர் பதிவு செய்யாதவராக இருந்து வாடகைக்காரர் பதிவு செய்த வியாபாரி என்றால், வாடகைக்காரரே கட்டும் முறை வந்திருக்கிறது; காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜி.எஸ்.டி. முறை) உள்ள வாடகைக்காரர்களுக்கு இதில் விலக்கு உண்டு. இதை உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

10. பூட்டிக் கிடந்தால், இடித்தால்

கடை வாடகைக்குப் போகாமல் பூட்டியே கிடக்கிறது என்றால் காலியிருப்புக் கழிவு கேட்கலாம். ஓர் அரையாண்டில் 60 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து காலியாக இருக்க வேண்டும். காலியானதும் எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். ஆண்டு முடிந்த பிறகு “போன மழைக்காலம் முழுக்கப் பூட்டித்தான் கிடந்தது” என்று போனால் யாரும் நம்ப வழி இல்லை. கரண்ட் பில்லில் யூனிட் ஓடாமல் இருப்பது நல்ல சாட்சி, அந்த மாதங்களின் பில்லை எடுத்து வையுங்கள். உள்ளே நம் சரக்கை அடுக்கி வைத்துவிட்டுக் காலி என்று சொல்ல முடியாது. அந்த அரையாண்டில் நேரில் பார்க்க வருவார்கள்.

இடித்தாலும் அப்படியே. இடித்த அரையாண்டிலேயே மனு கொடுத்து எண்ணை நீக்கச் சொல்லுங்கள். தேதி தெரியும்படி எடுத்த படம் இரண்டு இணையுங்கள். கட்டடம் தரைமட்டமாகிப் பல ஆண்டு ஆன பிறகும் பதிவேட்டில் எண் நின்று, டிமாண்ட் ஏறிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே இடத்தில் புதுக் கடை கட்டப் பர்மிட் கேட்கப் போனபோதுதான் அந்தப் பாக்கி அவர்களுக்குத் தெரிந்தது.